நான்காவது கடைவாய்ப் பல்

பல் சிகிச்சைப் பயிற்சி முடித்துப் பாடசாலைகளுக்குப் போகப்போகும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற ஒருத்தியை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டதே சந்தோசம்.

போன கிழமை உங்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்து, "மிஸ், சின்னப் பிள்ளைகளுக்கு சீலன்ட் வைக்க ரெசின் நல்லதா, கிளாஸ் அயனமர் நல்லதா?" என்று கேட்டார். படித்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ரெசின் வெளிச்சம் காட்டினால் கல்லு மாதிரி இறுகும், வருசக்கணக்கில் நிற்கும். ஆனால் பூசும்போது பல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எச்சில் பட்டால் போச்சு. கிளாஸ் அயனமர் ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், வெளிச்சம் இல்லாமலே இறுகும், புளோரைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்குக் கொடுக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், உடைந்து விழும். இவ்வளவும் எனக்கும் பாடமாக இருந்தது. எதை எப்போது கையில் எடுப்பது என்பதை ஒரு பிள்ளையும் அவனுடைய உம்மாவும்தான் எனக்கு விளங்க வைத்தார்கள். அவர்கள் கதையைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது எனக்கு உக்குவளைப் பக்கம் வேலை. சுற்றியுள்ள பாடசாலைகளிலிருந்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் என் சிகிச்சை நிலையத்துக்கு வருவார்கள். அன்றைக்கு வந்தது இரண்டாம் வகுப்பு. அந்த வயதை நாங்கள் ஏன் பிடித்துக்கொள்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு கடைவாய்ப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கும். அதுவும் பால்பல்தான், விழுந்துவிடும் என்று தாய்மார் நினைப்பார்கள். சாகும்வரை கூட வரவேண்டிய பற்கள் அவை. மேல்பக்கம் பார்த்தால் ஆழமான பள்ளங்கள். பிரஷ்ஷின் நார் உள்ளே போகாது, இனிப்பு போகும். பூச்சி பிடிக்குமுன் அந்தப் பள்ளங்களைச் சீலன்ட் பூசி அடைத்துவிடுவதுதான் எங்கள் வேலை.

வரிசையில் வந்து கதிரையில் ஏறியவன் அஸீம். மெலிந்த பையன். இரண்டு முழங்காலிலும் பஞ்சு வைத்துத் தைத்த துணிப்பட்டை கட்டியிருந்தான். எங்கேயோ விழுந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"மகனுக்கு ஏதாவது வருத்தம் இருக்கா? மருந்து குடிக்கிறதா?"

இல்லை என்று தலையாட்டினான்.

வாயைத் திறந்தான். பால்பற்களில் பாதி மண்ணிறமாகக் கரைந்திருந்தன. பல்லைச் சுற்றிய முரசு வீங்கிச் சிவந்திருந்தது. பிரஷ் படாத வாய். ஆனால் பின்னால் முளைத்த நாலும் அப்போதுதான் வந்த வெள்ளையாக இருந்தன. மூன்று முழுசாக வெளியே வந்துவிட்டன. நான்காவது, கீழே வலப்பக்கம், பாதி எழும்பி, பின்பாதியில் முரசு ஒரு சின்ன மடிப்பாக மூடியிருந்தது. நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துப் பஞ்சுச் சுருளைக் கையில் எடுத்தேன்.

வாசலில் ஒரு சத்தம்.

"மிஸ்! தம்பியத் தொட வாணாம்! அவனுக்கு ரத்தம் வந்தா நிக்காது!"

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. பர்தா ஒரு பக்கம் சரிந்திருந்தது, மூச்சு வாங்கியது. தம்பியின் வகுப்பைப் பல்லுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, பாடம் நடக்கும்போதே ஓடி வந்திருக்கிறாள். அவனுடைய ராத்தா, ரிஸ்மியா. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அஸீமைப் பார்த்தார்கள். அவன் கதிரையில் குனிந்துகொண்டான்.

நான் இரண்டு கையையும் அவன் வாயிலிருந்து எடுத்தேன். வகுப்பு டீச்சரிடம் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

அவர்களுடைய உம்மா, பாயிஸா, திரீவீலரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே மகளிடம் போனார்.

"ஊருக்கே கேக்கச் சத்தம் போட்டியா? நாளைக்கி உனக்கு மாப்பிள்ள பாக்க வாணாமா?"

ரிஸ்மியா அழவில்லை. "தம்பிய விடவா உம்மா எனக்கு மாப்பிள்ள?" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். "தங்கச்சி, இருங்க. நான் இன்னும் ஒண்ணும் செய்யல. என்னன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க."

பாயிஸா அஸீமின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அஸீமுக்கு ஹீமோபீலியா. ரத்தம் உறைய வேண்டிய சத்து உடம்பில் குறைவு. தவழும் வயதிலேயே முழங்கால் வீங்கி, பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம், மகளும் அதைச் சுமந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து, வெளியே ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பாடசாலைக்கும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் இல்லை என்று தலையாட்டு என்று மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"மிஸ், என்ட நானா பல்லு கழட்டித்தான் மவுத்தாப் போன. அப்ப இந்த வருத்தத்துக்குப் பேரு கூட எங்களுக்குத் தெரியா. நான் சின்னப் புள்ள. ரத்தம் போய்ட்டே ஈந்திச்சி. பாத்துக்கிட்டு நின்ட. வேற என்ன செய்ய, ஒண்டும் தெரியாதே."

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஊட்டுல பல்லுங்கிற பேச்சே எடுக்கிறதில்ல. பிரஷ் வெச்சா முரசால ரத்தம் வருது, அதனால வெக்கிறதுமில்ல. துணியால மெல்லத் தொடச்சி உடுற. இவன நாங்க பாத்துக்குவம் மிஸ். நீங்க தொட வாணாம்."

இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையிடமும் "வருத்தம் இருக்கா" என்று கேட்டு நிறுத்தியதில்லை. "விழுந்து காயம்பட்டா ரத்தம் உடனே நிக்குமா? வீட்டுல யாருக்காவது பல்லுப் புடுங்கி ரத்தம் நிக்காமப் போயிருக்கா? உடம்புல சும்மா சும்மா நீலமாக் கன்றிப்போகுமா?" என்று கேட்பேன். வருத்தத்தின் பெயரை மறைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாலும், இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும்.

பாயிஸா போனபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தத் தாய் பயத்தில் செய்ததெல்லாம் பாசத்தால் செய்தது. ஆனால் பிரஷ் வைக்காத வாயில் அந்த நாலு பற்களும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பள்ளத்தில் பூச்சி பிடித்து, நரம்புவரை போய், கடைசியில் கழற்றியே ஆகவேண்டும் என்ற நிலை வரும். நானாவுக்கு நடந்தது எதுவோ அதை நோக்கித்தான் அந்தப் பிள்ளை போய்க்கொண்டிருந்தான். தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், என் பொறுப்பு முடிந்தது என்று இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு மேலே ஒரு பல் டொக்டர் இருந்தார். சிங்களப் பெண். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். அவருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"நங்கி, பல்லில் ஓட்டை விழுந்த பிறகு செய்வதற்கு என்னிடம் ஊசி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, குறடு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது எல்லாமே ஆபத்து. ஓட்டை விழுமுன் செய்யக்கூடியது உன் கையில்தான் இருக்கிறது. அவனை என்னிடம் வரவிடாமல் பார்த்துக்கொள். நீ செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்."

அஸீமைப் பார்க்கிற ரத்த டொக்டரோடு தான் பேசுவதாகவும், தாய் சம்மதித்தால் ஆஸ்பத்திரியில் தன் அறையிலேயே வைத்துச் செய்யலாம் என்றும் சொன்னார். "நான் பக்கத்து அறையில் இருப்பேன். ஆனால் கை உன்னுடையதாக இருக்கட்டும். தாய் உன்னைத்தான் பார்த்திருக்கிறாள்."

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். யூனிபோர்ம் போடவில்லை. பல்லு மிஸ் வீடு தேடி வந்தாள் என்று தெருவில் ஒரு கதை கிளம்பக்கூடாது. அஸீமின் வாப்பா கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர். முன்பக்கம் கடை, பின்னால் வீடு. உள்ளே போய் உட்கார்ந்தால் சேலையில் கராம்பு வாசம் ஏறிவிடும். பாயிஸா என்னைக் கண்டதும் முகம் இறுகினாலும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

நான் பல்லைப் பற்றிப் பேசவில்லை. பையிலிருந்து ரெசின் பூச்சையும் பற்றரியில் வேலை செய்யும் லைட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். "அஸீமோட பல்லுல பூசணும்னு நெனச்சது இதைத்தான். ஊசியுமில்ல கத்தியுமில்ல. யாராவது விரலை நீட்டுங்க."

ரிஸ்மியா முந்திக்கொண்டு நீட்டினாள். நகத்தில் ஒரு சொட்டு வைத்து நீல வெளிச்சத்தைக் காட்டினேன். பாயிஸா மகளின் விரலை இழுத்துப் பார்த்தார். தன் நகத்தால் சுரண்டினார். வரவில்லை. பல்லால் கடித்தும் பார்த்தார்.

"இதப் பூச சொரண்டுவீங்களா?"

"இல்ல. கழுவி, ஒரு ஜெல் வெச்சு, திரும்பக் கழுவிக் காய வெச்சுப் பூசுறது. அவ்வளவுதான்."

"ரத்தம் வருமா?"

பிள்ளைகளே, அந்தக் கேள்விக்கு "வரவே வராது" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அப்படிச் சொன்னால் அந்த இடத்திலேயே சம்மதித்திருப்பார். வாப்பாவும் கடை வாசலில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் செய்யிற வேலையால வரக்கூடாது தங்கச்சி. ஆனா வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். சின்ன வாய், முரசும் வீங்கியிருக்கு. வந்தா என்ன செய்யணும்னு டொக்டரோட பேசித் தீர்மானிச்சுட்டு, ஆஸ்பத்திரில வெச்சுத்தான் தொடுவேன்."

அவர் மகளின் நகத்தை இன்னொருமுறை சுரண்டிப் பார்த்தார். வாப்பாதான் சொன்னார், "பாயிஸா, நீ சொல்லுறதுதான். நான் குறுக்க வர மாட்டேன்."

"நான் கூடவே நிப்பன்," என்றார் பாயிஸா. "அவன்ட கையப் புடிச்சிட்டு நிப்பன். நான் நிப்பாட்டச் சொன்னா நீங்க நிப்பாட்டணும்."

"சரி," என்றேன்.

ஆஸ்பத்திரியில் செய்வதாகச் சொன்ன நாள் வந்தது. காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ரத்தம் உறைய வைக்கும் மருந்தில் நனைத்துக்கொள்ளச் சுத்தமான துணித் துண்டுகள் ஒரு தட்டில் தயாராக இருந்தன. வாட்டில் இருந்த ரத்த டொக்டருக்கும் தகவல் போயிருந்தது. பல்லைச் சுற்றி ரப்பர் விரித்துக் கொக்கி மாட்டுவது நல்ல முறைதான், ஆனால் கொக்கி முரசைக் கடிக்கும். அதை ஒதுக்கிவிட்டேன். பஞ்சுச் சுருள்களைக் கன்னத்திலிருந்து எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு நனைத்தேன். காய்ந்த பஞ்சு தோலில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு சின்ன எரிச்சல். இவனுக்கு அப்படியில்லை.

மேலே இரண்டு பற்கள், கீழே இடப்பக்கம் ஒன்று. மூன்றும் ரெசினில் அழகாகப் பிடித்துக்கொண்டன. அஸீம் அசையவில்லை. ஒரு கை உம்மாவின் கைக்குள். மற்றக் கையால் கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்தான். நான்காவதுக்குப் போகுமுன் எச்சிலைத் துப்பச் சொன்னேன்.

துப்பினான். வெள்ளைக் கிண்ணத்தில் சிவப்பாக ஒரு கோடு.

நான் வாயைப் பார்ப்பதற்குள் பாயிஸா கிண்ணத்தைப் பார்த்துவிட்டார். ஒரு சத்தம் போட்டார். அது சொல்லாக இல்லை. பிள்ளையைக் கதிரையிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே ஓடினார்.

நடைபாதையில் காத்திருந்த சனம் எழுந்து நின்றது. பாயிஸா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் அஸீம் வீரிட்டு அழுதான். அழ அழ ரத்தம் கூடியது. தாடையில் வழிந்து உம்மாவின் கறுப்புச் சட்டையின் கையில் விழுந்தது. நான் தட்டோடு பின்னால் ஓடினேன். ஓடும்போதே கண்டுவிட்டேன், நான் தொட்ட இடத்திலிருந்து வரவில்லை. முன்னால் கீழே ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. பயத்தில் நாக்கால் அதை உள்ளுக்கும் வெளிக்கும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அதைச் சொல்லி அந்த நேரம் என்ன பிரயோசனம்? பாயிஸாவுக்கு அது ரத்தம், அவ்வளவுதான்.

"தொட வாணாம்! ஒத்தரும் தொட வாணாம்!"

பிள்ளையைப் பலவந்தமாக வாங்கினால் இன்னும் அழுவான், இன்னும் ரத்தம் போகும். விலகி நின்றாலும் போகும். இந்த வீட்டார் இனி வாழ்நாளில் ஒரு பல் வைத்திய அறை வாசலை மிதிக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் ஓடியது. பக்கத்து அறையில் வேறொரு நோயாளியோடு இருந்த டொக்டரைக் கூப்பிட ஆள் போயிருந்தது. வரும்வரை நான்தான்.

தரையில் அவர் முன்னால் மண்டியிட்டேன்.

"தங்கச்சி, நான் தொடல. நீங்க தொடுங்க."

மருந்தில் நனைத்த துணித் துண்டை மடித்து அவர் கையில் வைத்தேன். அவர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க?"

"ஆடுற பல்லு இருக்கே, அந்த இடம். துணியைச் சுத்தி வெச்சு விரலால அமத்துங்க. நல்லா அமத்துங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. தலையைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு வெச்சுக்குங்க, ரத்தத்தை முழுங்கக்கூடாது."

துணியை வைத்தார். அமத்தினார். வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். என் கையை அவர் கைக்கு வெளியே வைத்து எவ்வளவு பலமாக அமத்த வேண்டும் என்று காட்டினேன், பிறகு எடுத்துவிட்டேன். உம்மாவின் விரல் என்று தெரிந்ததும் அஸீமின் அழுகை விம்மலாகி, விம்மலும் மெல்ல அடங்கியது. துணியின் ஓரத்தில் சிவப்பு அதற்கு மேல் பரவவில்லை.

டொக்டர் வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், பாயிஸாவின் விரலை எடுக்கச் சொல்லவில்லை. அவரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கிறீங்க. அப்படியே பிடிச்சுக்கொண்டு வாட்டுக்கு வாங்க," என்று சிங்களத்தில் சொன்னார். மூன்று பேரும் அப்படியே நடந்தோம். பாயிஸா ஒரு கையால் பிள்ளையைத் தூக்கி, மற்றக் கையின் விரலை அவன் வாயிலேயே வைத்திருந்தார். நான் தூக்குகிறேன் என்று யார் கேட்டும் கொடுக்கவில்லை.

வாட்டில் அவனுக்கு உறைய வைக்கும் சத்தை ஊசியில் ஏற்றினார்கள். அது உடம்பில் சேர்ந்த பிறகு, துணியை மெதுவாக எடுக்கச் சொன்னார் டொக்டர். பாயிஸா எடுத்தார். துணியோடு பால்பல்லும் வந்தது. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிசு. விழுந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கட்டி, அவ்வளவுதான். ரத்தம் வரவில்லை.

பாயிஸா உள்ளங்கையில் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். அஸீம் நாக்கால் ஓட்டையைத் தேடினான். "உம்மா, பல்லு உழுந்திட்டா? எனக்குப் பசிக்குது," என்றான். அப்போதுதான் அவர் அழுதார். சத்தமாக, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதார். கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த வாப்பா, என்ன ஏது என்று விளங்காமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மூலையில் நின்றேன். சாமான்களைக் கழுவிக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், இனி இவர்களைக் கேட்க எனக்கு வாய் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாயிஸா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினார்.

"மிஸ், இன்னும் ஒரு பல்லு மிச்சம் ஈக்கி தானே? அத எப்ப செய்ற?"

நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரத்த டொக்டரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்து சொன்னார். "இப்பதான் ஊசி ஏறியிருக்கு. இதைவிடப் பாதுகாப்பான நேரம் அவனுக்குக் கிடையாது. பிள்ளை சாப்பிட்டுக் கொஞ்சம் ஆறட்டும். தாய்க்குச் சரியென்றால் இன்றைக்கே முடி, நங்கி."

நான்காவது பல்லுக்கும் ரெசின் வைப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். மற்ற மூன்றைப் போல நாலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பாயிஸாவும் கேட்டார். ஆனால் அந்தப் பல்லின் பின்பாதியில் முரசு மடிந்து கிடந்தது. அதற்கடியிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ரெசின் பிடிக்கவேண்டுமென்றால் அந்த மடிப்பை ஒதுக்கித் தள்ளிக் காயவைக்க வேண்டும். அவனுடைய முரசை நான் தள்ள மாட்டேன். கிளாஸ் அயனமரைக் குழைத்தேன்.

"இது வேற சாமான். மத்த மூணைப் போல நிக்காது, தேஞ்சுபோகும். பல்லு முழுசா எழும்பின பொறகு ரெசின் வைப்போம். அதுவரைக்கும் இது காப்பாத்தும். ஆனா நீங்க திரும்பத் திரும்பக் கூட்டிட்டு வரணும்."

"வருவம்," என்றார்.

கையுறை விரலில் வஸ்லின் தடவி, குழைத்த கலவையைப் பல்லின் மேல் வைத்து, பள்ளங்களுக்குள் இறங்கும்படி விரலால் அமத்தினேன். பாயிஸா அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இறுகும்வரை மூவரும் அசையாமல் இருந்தோம்.

எனக்குப் போன் எடுத்துக் கேட்ட பிள்ளைக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான். மூன்று பல்லுக்கு ஒரு பொருள் சரி, அதே வாயில் நான்காவதுக்கு இன்னொன்று சரி. நிலைத்து நிற்பது எது என்று மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கு அந்த முரசைத் தொட்டிருப்பேன்.

அவர்கள் சொன்னபடி வந்தார்கள். பாடசாலையின் அடுத்த தவணையில் பாயிஸா தானே போய் அதிபரைப் பார்த்து அஸீமின் வருத்தத்தைச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு டீச்சருக்கும் சொல்லியிருக்கிறார். மெல்லிய நார் பிரஷ்ஷால் எப்படித் துலக்குவது என்று என் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டு போனார். தொடக்கத்தில் முரசில் ரத்தம் கசிந்தது, பிறகு முரசு இறுகிக் கசிவதும் நின்றது. கரைந்த பால்பற்களில் டொக்டர் பூச்சி நிறுத்தும் கறுப்பு மருந்தைப் பூசிவிட்டார். நான்காவது பல்லின் கிளாஸ் அயனமர் நான் சொன்னபடியே உடைந்தது. அதற்குள் பல் முழுசாக வெளியே வந்திருந்தது, முரசு விலகியிருந்தது, ரெசின் வைத்தேன். மேலே ஒன்றின் ஓரம் ஒருமுறை தெறித்துப்போய் அதையும் சரிசெய்தேன். பூசிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். திரும்ப வாயைத் திறந்து பார்ப்பதுதான் பாதி வேலை.

ரிஸ்மியாவுக்கு நான் நேரில் நன்றி சொன்னேன். அந்தப் பிள்ளை வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தால் என் கையால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அவள் சிரித்துவிட்டு, "உம்மா ஏசினதுக்கு நீங்க நன்றி சொல்றீங்களா மிஸ்?" என்றாள். அந்த டொக்டருக்கும் நான் நிறையக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் நினைத்திருந்தால் அன்று நடைபாதையில் பாயிஸாவின் விரலைத் தட்டிவிட்டுத் தன் கையை வைத்திருக்கலாம்.

பதின்மூன்று வயதாகி அஸீம் என் பொறுப்பிலிருந்து போகும்போது நாலு பற்களிலும் ஒரு ஓட்டை இல்லை.

நான் ஓய்வு பெற இருந்த வருசம், ஒருநாள் காலையில் பாயிஸா என் அறைக்கு வந்தார். கூடவே அஸீம். அப்போது அவன் வளர்ந்து மீசை அரும்பியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெண், மடியில் ஐந்தாறு வயதுப் பையனோடு வாசல் வாங்கில் உட்கார்ந்தாள். லக்கலப் பக்கத்து ஊர். அங்கிருந்து கிடைத்த ஒரே பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். சேனைப் பயிருக்கு யானைக் காவலாகப் புருசன் அங்கேயே நின்றுவிட்டான். ரத்த வாட்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருந்து பாயிஸாவுக்குப் பழக்கமானவளாம். அந்தப் பிள்ளைக்கும் அதே வருத்தம். அவள் தன் உள்ளங்கையால் பிள்ளையின் வாயைப் பொத்தி வைத்திருந்தாள். நான் எழுந்ததும் இன்னும் இறுக்கிப் பொத்தினாள்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொல்லப்போனேன். பாயிஸா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மிஸ், நீங்க கொஞ்சம் ஈங்க."

போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "பய வென்ன எப்பா, நங்கி," என்றார். பயப்படாதே தங்கச்சி. பிறகு தாழ்ந்த குரலில் சிங்களத்தில் பேசிக்கொண்டே போனார். தன் நானாவைப் பற்றிச் சொன்னார். என்னைத் தவிர வேறு வெளியாளிடம் அந்த அண்ணனைப் பற்றிப் பாயிஸா பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பெண் பாயிஸாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸீம் என் தட்டிலிருந்து கழுவி வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னவன் முன்னால் தரையில் உட்கார்ந்தான். கண்ணாடியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் வாயைப் பெரிதாகத் திறந்தான். சின்னவன் தயங்கினான். பிறகு எட்டிப் பார்த்தான். கண்ணாடியை ஒவ்வொரு பல்லுக்கும் நகர்த்தி, உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினான். எண்ணுவதற்காகத் தாயின் கையை வாயிலிருந்து தானே விலக்கினான். அவள் திரும்பப் பொத்தவில்லை.

எண்ணி முடித்ததும், யாரும் சொல்லாமலே, அவனும் வாயைத் திறந்து காட்டினான்.

பாயிஸா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.